போதையில் நடந்தது

முதுகலை வகுப்பில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் எனக்குத் தடுமாற்றம் வந்துவிடுகிறது. கள்ளுண்பவனை விட்டு நாணம் விலகிப்போகும் என்பது அவ்வதிகாரம் சொல்லும் கருத்துகளில் ஒன்று. மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். நாணம் தன்னை விட்டுப் போகவேண்டும் என்பதற்காகவே குடித்த ஒருவனை நான் அறிவேன் என்று அவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. இங்கே சொல்லலாம் என்று தோன்றுகிறது. இதில் வரும் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான், அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

2001ஆம் ஆண்டு மதுரையில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழன் என்னைவிட நன்றாகப் படிப்பவன். யாப்பில் எனக்குப் புரியாதவற்றையெல்லாம் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். வாரநாள்களில் தேநீரைத் தவிர வேறெதையும் தொடாதவன், சனிக்கிழமை மாலையானால் தனியே கிளம்பிவிடுவான். டாஸ்மாக் சில்லறைக் கடைகள் வராத காலம். அவை வந்தது 2003 இறுதியில்தான். தனியார் ஒயின் ஷாப் ஒன்றில் குடித்துவிட்டு எங்கேயோ போவான். விடியற்காலையில் திரும்பி வந்து வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வான்.

எங்கே போகிறான் என்பது விடுதியில் பலருக்கும் தெரியும். ஆண்கள் ஆண்களைத் தேடிவரும் இருட்டான இடங்கள் எல்லா ஊர்களையும் போல எங்கள் ஊரிலும் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் அவனைப் பார்த்து ஜாடையாகச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனாகவே, "நேத்து என்ன நடந்துச்சுன்னே தெரியலடா, ரொம்பக் குடிச்சிட்டேன்" என்றான். "விடுடா, போதையில நடந்ததுக்கெல்லாம் கணக்குப் பாக்க முடியுமா?" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு அவன் எதையும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தில் பேச்சை முடித்துவைத்தேன் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

படிப்பு முடிந்து அவன் சென்னைக்குப் போய்விட்டான். 2006இல் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு வரச்சொன்னான். தாம்பரத்தில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து பேசினோம். முந்தைய ஆண்டு வீட்டில் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண்களிடத்தும் தனக்கு ஈர்ப்பு உண்டு என்பதால் மணம் செய்துகொள்ளலாம் என்றே அவனும் எண்ணியிருக்கிறான். ஆனால் உள்ளூர ஒரு பயம். அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டான். எச்.ஐ.வி. இருந்தது. வேறொரு காரணம் சொல்லித் திருமணத்தை நிறுத்திவிட்டான். 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அங்கே மாத்திரை வாங்க வந்த நாளில்தான் என்னையும் வரச்சொல்லியிருந்தான்.

"நீ ஒரு தடவ சொன்ன, ஞாபகம் இருக்கா? போதையில நடந்ததுக்குக் கணக்கில்லன்னு" என்றான். தலையசைத்தேன். "போதையில நான் போகலடா. போறதுக்குத்தான் குடிச்சேன்."

சற்றுப் பொறுத்து, ஆணுறை பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டேன். இந்த நாட்டில் படித்த எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். அவன் சிரித்தான். "அத வாங்கிச் சட்டைப் பையில வச்சேன்னா, எங்க போறேன்னு எனக்கே தெரிஞ்சிருமேடா."

இருபது ஆண்டுகளாக அந்தச் சொற்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன். குடித்தவன் அறிவிழந்து ஆணுறையை மறந்துவிடுகிறான் என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அவன் மறந்தது கடையில் முதல் குவளையைத் தொடுவதற்கு முன்பே. ஆணுறை முன்னேற்பாடு, முன்னேற்பாடு என்றால் விருப்பம் இருக்கிறது என்று பொருள். அவ்விருப்பத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனால் முடியவில்லை. குடித்திருந்தால், நடந்ததற்குக் குடி பொறுப்பேற்றுக்கொள்ளும். குடும்பம், விடுதி, சட்டம் ஆகிய மூன்றும் ஏற்க மறுத்ததை ஒரு குவார்ட்டர் பாட்டில் ஏற்றுக்கொண்டது. இதில் குடியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

சட்டம் என்றது வெறும் பேச்சுக்கு அல்ல. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்த இரு ஆண்கள் மனமொத்துக் கூடுவதையும் குற்றமாக்கியது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் அதை விலக்கியது. 2013இல் உச்சநீதிமன்றம் மீட்டுக் கொணர்ந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்சநீதிமன்றம் அக்குற்றத்தை நீக்கியது. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியே சொல்லக்கூடாது, வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று கூறும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். அந்த ஆண்டிலிருந்து எண்ணினால், இவ்விரண்டு பாதுகாப்புகளும் வந்துசேர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சட்டம் போன பிறகும் நாணம் அவ்வளவு எளிதில் போய்விடவில்லை என்பதைச் சென்ற ஆண்டு கண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு என் முன்னாள் மாணவன் வீட்டுக்கு வந்தான். இருபத்தைந்து வயது, வேலையில் இருக்கிறான். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். மாடிக்கு அழைத்துப்போனேன். ஞாயிறு இரவு, கைப்பேசிச் செயலியில் பழக்கமான ஒருவரின் வீட்டுக்குப் போயிருக்கிறான். மது, அதற்கு மேல் ஏதோ ஒரு வெள்ளைப் பொடி. பெயர்கூடத் தெரியாது. ஆணுறை இல்லை. "குடிச்சிருந்தேங்கய்யா, அதனாலதான்..." என்று தொடங்கினான்.

2001இல் நான் சொன்ன வாசகம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம எத்தன மணிக்குப்பா?" என்று கேட்டேன்.

பதினொன்று என்றான். விரல்விட்டு எண்ணினேன், நாற்பத்துமூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தொற்று நேர வாய்ப்புள்ள நிகழ்வுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் எடுத்துக்கொண்டால் எச்.ஐ.வி. உடலில் வேரூன்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தாம்பரத்து நண்பனால்தான் இதை நான் அறிந்திருந்தேன். அவனையே தொலைபேசியில் கேட்டு, அன்றிரவே ஒரு மருத்துவரிடம் போனோம்.

அந்த மருத்துவர் ஏன் என்று கேட்கவில்லை. என்ன, எப்போது, எப்படி என்று மட்டும் கேட்டார். பொடியை உறிஞ்சினானா, ஊசியில் ஏற்றினானா என்று கேட்டார். ஊசி பகிரப்பட்டிருந்தால் அது தனி ஆபத்து. எச்.ஐ.வி., மேகப்புண், மஞ்சள்காமாலை பி மூன்றுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரை எச்.ஐ.வி.யைத்தான் தடுக்கும், மற்றவற்றை அல்ல என்று பொறுமையாக விளக்கினார். தொற்று வருவதற்கு முன்பே தினமும் எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரையும் உண்டு, இந்த 28 நாள் முடிந்ததும் அதைப்பற்றிப் பேசலாம் என்றார். கடைசியாக, "குடிக்காம போயிருந்தா போயிருப்பீங்களா?" என்று கேட்டார். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போயிருப்பேன் டாக்டர்" என்றான். "அப்ப அடுத்த தடவ உறையோட போங்க" என்று சொல்லி மருந்துச்சீட்டை எழுதினார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையிலும் தொற்று இல்லை என்று வந்தது. அவன் குடியை விட்டுவிட்டானா என்று நான் கேட்கவில்லை.

அறைத்தோழன் இன்றும் சென்னையில்தான் இருக்கிறான். நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிக்கிறது. அந்நிலையில் உடலுறவின் வழியே இன்னொருவருக்குத் தொற்றாது என்பதை மருத்துவ உலகம் உறுதிசெய்துவிட்டது. குடித்துவிட்டுத் தூங்கினால் மறுநாள் மாத்திரை தவறிப்போகிறது என்பதால் மெல்ல மெல்லக் குடியையும் நிறுத்திவிட்டான்.

மாணவனின் செய்தியை அவனிடம் சொன்னபோது, "எத்தன மணின்னா கேட்ட?" என்று திரும்பக் கேட்டான். ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு என்னையும் கேட்டிருக்கலாம்டா" என்றான். "மருந்து கெடச்சிருக்காது. இருந்தாலும் கேட்டிருக்கலாம்."