அந்த ஆங்கிலம் என்னுடையதுதான்

"இது நீர் எழுதின இங்கிலீஷ் மாதிரித் தெரியேல்லையே?"

விசாரணை அறையில் கேட்ட இந்த ஒரு கேள்விதான் இன்னும் காதில நிக்குது.

மூன்றாம் வருடம். ஒப்படை ஒன்றுக்குப் பூச்சியம் போட்டு, 'கல்விசார் முறைகேடு' எண்டு கடிதம் வந்தது. என் கட்டுரையின் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு எழுதியதாக ஒரு மென்பொருள் காட்டியிருக்கிறது. மேன்முறையீடு செய்ய 14 நாள். வீட்டுக்குச் சொல்லேல்லை. இரண்டு நாள் விடுதியில் படுத்தே கிடந்தேன்.

மூன்றாம் நாள் சீனியர் அக்கா ஒராள் வந்து சொன்னா: "அழுது எழுதாத. ஆதாரத்தோட எழுது."

முதலில் அந்த மென்பொருளின் அறிக்கையையும், நான் மீறியதாகச் சொல்லப்பட்ட விதியையும் எழுத்தில் கேட்டேன். பிறகு கூகுள் டொக்ஸில் இருந்த திருத்த வரலாற்றை நாள்வாரியாக அச்செடுத்தேன். 11 இரவுகள். எந்த இரவில் எந்தப் பந்தியை அழித்தேன் என்பது வரைக்கும் அதில் இருந்தது. கொப்பியில் எடுத்த குறிப்புகளையும் இணைத்தேன். இலக்கணம் திருத்த ஒரு செயலி பாவித்ததை மறைக்க நினைத்தேன். அக்கா விடவில்லை. "அதை நீயே சொல்லு. அவை கண்டுபிடிச்சா மிச்சமும் பொய்யாப் போயிடும்."

தேடும்போதுதான் 2023இல் வெளியான ஸ்டான்போர்ட் ஆய்வாளர்களின் ஆய்வு கிடைத்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 கண்டறி கருவிகளில் போட்டிருக்கிறார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், மனிதர் எழுதியதை இயந்திரம் எழுதியது எண்டு அவை சொல்லியிருக்கின்றன. அடுத்த சொல் எதுவெண்டு சுலபமாக ஊகிக்க முடிந்தால் இந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வரும்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது. உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவள் நான். என்ர ஆங்கிலம் ரியூசனில் பாடமாக்கின இணைப்புச் சொற்களாலும் பிழை வராத சின்ன வசனங்களாலும் கட்டினது. மனிசருக்கு அது 'உன்ர தரத்துக்கு மேல'. மெஷினுக்கு அது மெஷின்.

மேன்முறையீட்டுக் குழு என்னைக் கூப்பிட்டு, கட்டுரையை விளக்கச் சொன்னது. தடுமாறித்தான் கதைத்தேன். ஆனால் ஒவ்வொரு வாதமும் எங்கிருந்து வந்தது எண்டு சொல்ல முடிந்தது. பூச்சியம் நீக்கப்பட்டது. செயலி பாவித்ததை முதலிலேயே குறிப்பிடாததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அது நியாயம்தான்.

அதே பட்டியலில் என்ர பட்ச் பெடியன் ஒருத்தனும் இருந்தான். "அவையோட மோதி என்னத்தைக் காணப்போறம்?" எண்டு பூச்சியத்தை ஏற்றுக்கொண்டான். அவன் செய்தானா இல்லையா எண்டு ஒருத்தரும் விசாரிக்கவே இல்லை.

எனக்கும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இப்ப ஆங்கிலத்தில் ஒரு வசனம் நல்லா வந்தால் பயமாக இருக்குது. சில நேரம், வேணுமெண்டே ஒரு பிழையை விட்டுவிடுகிறேன்.