எழுதுவதும் பூசுவதும்

ஒப்பனை விஷயத்தில் தமிழில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. மை எழுதுகிறோம்; பவுடர் பூசுகிறோம். பேச்சில் இன்று ‘மை வைப்பது’தான் அதிகம் என்றாலும் ‘கண்ணெழுதுவது’ என்ற பிரயோகம் முழுக்கச் செத்துவிடவில்லை. ஒப்பனையில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் கிடக்கின்றன என்று எனக்குப் படுகிறது. எழுதுகிறவனுக்குக் கீழே ஒரு பரப்பு இருப்பது தெரியும். அது அவனுக்கு வேண்டும். பூசுகிறவனுக்கு அந்தப் பரப்பு மறைந்தால் போதும்.

குறளில் காமத்துப்பாலில் ஒருத்தி கண்ணுக்கு மை எழுத மறுக்கிறாள். காதலன் கண்ணுக்குள் இருக்கிறான், மை எழுதினால் மறைந்துவிடுவான் என்று. இன்னொரு இடத்தில், எழுதும் நேரத்தில் கண்ணுக்குக் கோல் தெரிவதில்லை, அதுபோலக் கணவனைக் கண்டதும் அவன் குற்றம் தெரிவதில்லை என்கிறாள். உரையாசிரியர்கள் இதை உவமையாகவே பார்த்துக் கடந்துபோகிறார்கள். எனக்கு இது ஒரு தொழில் குறிப்பாகவும் தெரிகிறது. தன் கண்ணைத் தானே எழுதிக்கொள்கிறவளுக்குக் கோடு கோணுவது கை நடுங்குவதால் மட்டுமல்ல. கோல் அருகே வந்ததும் பார்வை அதைக் கைவிட்டுவிடுகிறது. கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் தாழ்வாகப் பிடித்து, முகவாயைச் சற்று உயர்த்தி, இமையைத் தாழ்த்திப் பார்த்தால் இமைக்கோடு பாதிக்குமேல் சரியாகிவிடும். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டால் மீதியும். கோட்டை ஒரே இழுப்பில் போட வேண்டும் என்பது ஒரு வீம்பு. சிறுசிறு புள்ளிகளாக வைத்துச் சேர்த்தால் போதும்.

சங்கப் பெண்களுக்குத் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினார்கள். கடலாடப் போகும் மாதவிக்கு இளங்கோ செய்துவைக்கும் அலங்காரத்தில் பாதத்துச் செம்பஞ்சுக் குழம்பும் இருக்கிறது. இங்கெல்லாம் தோல்தான் ஏடு. ‘அரிதாரம்’ என்ற சொல் வேறு வழியில் வந்தது. அது முதலில் ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும். இரண்டும் விஷம். வேஷக்காரர்கள் காலங்காலமாக இவற்றை முகத்தில் அப்பிக்கொண்டிருந்ததில் அந்த மஞ்சளின் பெயரே வேஷப் பூச்சு அனைத்துக்கும் பெயராகிவிட்டது. அரிதாரத்தை யாரும் எழுதுவதில்லை, பூசுகிறார்கள். நம் விமர்சனத்திலும் ‘அரிதாரம் பூசிய நடை’ என்று வைவதற்கு அந்தச் சொல் பயன்படுகிறது. கனிமத்தின் மேல் நமக்கு இத்தனை கோபம் வேண்டியதில்லை.

எண்பதுகளில் நான் ஒரு சிறிய நாடகக் குழுவில் இருந்தேன். எல்லோருமே இயக்குநர்கள், மிஞ்சியவர்கள் நடிகர்கள். மேக்கப் பெட்டியைத் தொட ஆளில்லாததால் அது என் கைக்கு வந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பழைய நாடகக் கம்பெனி ஒன்றில் பையனாகச் சேர்ந்து வேஷக்காரராக இருந்துவிட்டுக் கடைசியில் பெட்டிக்காரராக ஒதுங்கிய ஒரு பெரியவர். நவீன நாடகத்தில் அவருக்கு மரியாதை கிடையாது. “வசனமும் இல்ல, பாட்டும் இல்ல, முகமாவது தெரியட்டும் தம்பி” என்பார்.

அவர் முதலில் செய்யும் காரியம், நடிகனை முகம் கழுவவைத்து வெளியே வெயிலில் நிறுத்துவது. முகத்தைப் பார்க்க மாட்டார், கழுத்தைப் பார்ப்பார். எங்கள் ஊர்களில் முகம் வெயில் பட்டு ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், நெற்றியோரம் இன்னொரு நிறம். நிறத்தைத் தாடையோரத்தில் ஒரு விரல் அகலம் இழுத்துப் பார்க்க வேண்டும், கீழே கழுத்தில் கரைந்துபோனால் அதுதான் நிறம் என்பது அவர் பாடம். இன்றும் அழகுசாதனக் கடைகளில் பெண்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் தடவிப் பார்ப்பதைக் காண்கிறேன். உடம்பிலேயே வெயில் படாத இடங்களில் ஒன்று அது. அங்கே பொருந்துகிற நிறம் முகத்தில் எப்படிப் பொருந்தும்? தடவியவுடன் தீர்மானிப்பதும் கூடாது. இப்போதைய பவுண்டேஷன்களில் பல, காற்றும் தோலின் எண்ணெயும் பட்டுப் பத்து நிமிஷத்தில் ஒரு படி கறுத்துவிடுகின்றன.

பெரியவரிடம் இருந்தது பான்கேக். தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் எடுத்துப் பூசும் இந்தக் கட்டியை மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி முப்பதுகளின் பிற்பகுதியில் வண்ணப் படங்களுக்காகக் கொண்டுவந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் இது புழங்கிய விதத்தைப் பற்றி அசோகமித்திரன் தன் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பதை நம்மில் பலர் படித்திருப்பார்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்து ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். நீர் அதிகமானால் வரிவரியாக ஓடும். குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். திட்டு விழுந்த இடத்தில் இன்னொரு பூச்சுப் பூசுவதுதான் எல்லோரும் செய்வது. பெரியவர் அதைச் செய்யவிட மாட்டார். வெறும் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி அந்த இடத்தை மெலியவைப்பார். இந்தத் தொழிலில் பரிகாரம் பெரும்பாலும் எடுப்பதில்தான் இருக்கிறது. கன்னத்தில் சிவப்பு ஏறிவிட்டால் அதன்மேல் வெள்ளைப் பவுடர் போட்டால் ரோஜா நிறத்தில் ஒரு வீக்கம்தான் கிடைக்கும்; முகத்துக்குப் பூசிய அதே ஸ்பாஞ்சை, புதிதாக எதையும் தொடாமல், மேலே ஒற்றினால் சிவப்பு உள்ளே போய்விடும். இமையில் மை தெறித்தால் உடனே துடைக்கக் கூடாது. காயவிட்டு உதிர்க்க வேண்டும்.

வெளிச்சம் ஒரு தனி விவகாரம். க்ரீன் ரூமில் பெரும்பாலும் ட்யூப்லைட். அதில் சிவப்பு குறைவு; முகங்கள் வெளிறித் தெரியும்; நடிகன் தன் கன்னத்துக்கு ரூஜ் கேட்டுக்கொண்டே இருப்பான். மஞ்சள் விளக்கின் கீழே மேடைக்கு வந்ததும் அறைவாங்கியவன் மாதிரி நிற்பான். எங்கள் இயக்குநர்களில் ஒருவருக்குப் பச்சை ஜெலட்டின் மேல் பிரேமை. பச்சை ஒளியில் சிவந்த உதடு கறுப்பாகிவிடும் என்று நான் சொன்னதை அவர் அழகியல் ரீதியான எதிர்ப்பாக எடுத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களின் ஆரம்ப காலத்துப் பிலிமுக்கும் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே விழும். அந்தக் காலத்து நடிகர்கள் அதற்கேற்ப முகத்தில் போட்டுக்கொண்ட நிறங்களை நேரில் பார்த்தவர்கள் பயந்திருக்க வேண்டும். ஆகவே ஒப்பனை எந்த வெளிச்சத்தில், எந்தத் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்காக என்று கேட்காமல் ஒன்றைத் தவறு என்று சொல்லவே முடியாது.

தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளலாம். ந. முத்துசாமியின் எழுத்தும் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் நம்மவர்களைப் புரிசைப் பக்கம் திருப்பியபோது நானும் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூத்தாடி கையில் சிறு கண்ணாடியுடன் தானே தன் முகத்தை எழுதிக்கொள்கிறான். கண்ணைச் சுற்றிக் கோடுகள், கன்னத்தில் புள்ளிகள். முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம் என்பதை அவன் ஒளிப்பதில்லை. ஒளித்தால் துரியோதனன் பக்கத்து ஊர்க்காரனாகிவிடுவான். கதகளியில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பச்சை நிறம் முடிந்து தாடை தொடங்கும் இடத்தில், எல்லோரும் மறைக்கப் பாடுபடும் அந்த விளிம்பிலேயே, அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்த குழம்பால் ‘சுட்டி’ கட்டி எழுப்புகிறார்கள்; வெளிவிளிம்புக்குக் காகிதம். நடிகன் மல்லாந்து படுத்திருக்க, சுட்டி போடும் கலைஞர் தலைமாட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. மறைக்க முடியாத விளிம்பை உருவமாக்கிவிட்டார்கள். அங்கே எதுவும் பொய்யில்லை, ஏனெனில் யாரும் அதைத் தோல் என்று சொல்லவில்லை.

கல்யாண மேக்கப் தன்னைத் தோல் என்று சொல்லிக்கொள்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அவள் நல்ல கறுப்பு. முதல்நாள் மாலை ரிசப்ஷனுக்கு ஒப்பனைக்காக வந்தவர் இரண்டரை மணி நேரம் வேலை செய்தார். அறையிலிருந்து வெளியே வந்தவள் அவளைவிட மூன்று படி வெளுத்த ஒருத்தி. கழுத்தில் நகை மறைத்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் காட்டிக்கொடுத்தது. கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறைக்க வெள்ளையாக எதையோ முக்கோணமாகப் பூசியிருந்தார்கள். கறுத்த தோலில் வெள்ளை நிறமி ஏறினால் வெளுப்பு வராது, சாம்பல் வரும். பஞ்சாமிர்தத்தில் விபூதி விழுந்தாற்போல. காமிராவின் ஃப்ளாஷ் பட்டதும் அந்தப் பவுடர் ஒளியைத் திருப்பி அடித்தது. அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் முகம் தனியே மிதக்கிறது.

அந்தப் பெண்மணியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழில் தெரிந்தவர். கண்ணெழுதியிருந்ததில் ஒரு பிசிறில்லை. அவரிடம் கேட்கப்பட்டது அதுதான். “கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க” என்று என் அக்காவே சொன்னாள். 1975இல் இந்த நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. 2020இல் அந்தப் பெயரிலிருந்து ‘வெளுப்பு’ எடுக்கப்பட்டு ‘பளபளப்பு’ வைக்கப்பட்டது. இடையில் 45 வருஷம். அதற்குள் இரண்டு தலைமுறைப் பெண்கள் கண்ணாடி முன் நின்றிருக்கிறார்கள். 2017இல் ஃபென்டி என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரே பவுண்டேஷனை 40 நிறங்களில் கொண்டுவந்தபோது அது உலகச் செய்தியானது. மனிதர்களுக்குப் பல நிறம் என்பது செய்தியாவதற்கு அவ்வளவு காலம்.

மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தத்துக்கும் அதே கைவேலை முடிந்திருந்தது. வெளியே நாயனம் தொடங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, “மாமா, நான் தெரியற மாதிரி பண்ணுங்க” என்றாள். அரைமணி நேரம் இருந்தது.

முழுவதும் கழுவ நேரமில்லை, கழுவினால் கண்ணும் போய்விடும். மெல்லிய காகிதத்தை விரித்து முகத்தில் ஒற்றி எண்ணெயையும் வியர்வையையும் எடுத்தேன். வியர்வைக்கு மேல் பவுடர் போட்டால் அது அப்பமாகிவிடும். பிறகு பிழிந்த ஈர ஸ்பாஞ்சால், தேய்க்காமல், நெற்றியோரத்திலும் தாடையிலும் ஒற்றி ஒற்றி மெலியவைத்தேன். தோல் கொஞ்சங்கொஞ்சமாக மேலே வந்தது. கண்ணுக்குக் கீழிருந்த வெள்ளை முக்கோணத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு முழுதாகத் துடைத்துவிட்டேன். கருவளையத்துக்கு எதிர்நிறம் வெள்ளையல்ல, ஆரஞ்சு. நீலம் கலந்த கறுப்பை அதுதான் அணைக்கும். அவள் பெட்டியில் செங்கல் நிற லிப்ஸ்டிக் ஒன்று இருந்தது. மோதிரவிரலில் துளி தொட்டு அங்கே தட்டினேன். மோதிரவிரலுக்கு அழுத்தம் குறைவு, அந்த இடத்துத் தோலுக்கு அதுதான் தாங்கும். அதன்மேல் ஸ்பாஞ்சில் மிஞ்சியிருந்ததை லேசாக. புருவத்தைக் கரிக்கோடாகத் தீட்டியிருந்ததைக் காய்ந்த சிறு பிரஷ்ஷால் வாரிவிட்டேன். கண்ணைத் தொடவில்லை. கடைசியாக, கழுத்துக்குப் பூசிக்கொடுத்தால் பொருந்திவிடும் என்று யோசனை சொன்ன அத்தை ஒருத்தியை வெளியே அனுப்பினேன். பொருந்தாத நிறத்தைக் கழுத்துக்கும் இறக்குவது பொதுவாகச் சொல்லப்படும் பரிகாரம். அதற்கு முடிவே கிடையாது, பிறகு காது, பிறகு கை.

அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, “நேத்து ராத்திரி இன்னும் பளிச்சுன்னு இருந்தா” என்று உரக்கச் சொன்னதை அக்கா கேட்டாள், நானும் கேட்டேன். அந்தப் பேச்சு ஒரு மாதம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. ஆல்பத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முன்பக்கத்தில் பெரிதாக வைக்க எந்தப் படம் என்று கேட்டபோது பெரியவர்கள் ரிசப்ஷன் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். தாலி கட்டும் படம் நாலாவது பக்கத்தில் இருக்கிறது. அவள் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது நாலாவது பக்கத்துப் படத்தின் பிரதி என்பதைப் பின்னால் போனபோது பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கலைப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பூசத் தெரிந்தவர்கள்கூடச் சோப்புப் போட்டுப் பரபரவென்று தேய்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். எண்ணெய்ப் பூச்சைச் சோப்பு முழுக்க எடுக்காது. முதலில் எண்ணெய்தான் எடுக்கும். எங்கள் பெரியவர் தேங்காயெண்ணெயைக் கையில் சூடுபறக்கத் தேய்த்து நடிகனின் முகத்தில் வைத்து, நிறம் கரைந்து வரும்வரை காத்திருந்து, பழைய வேட்டித் துண்டால் கீழிருந்து மேலாக எடுப்பார். கண்ணுக்கு மட்டும் பஞ்சை வைத்து முப்பது எண்ணச் சொல்வார், தேய்க்கக் கூடாது. ஒருவனுடைய மைக்கோலை இன்னொருவன் தொட்டால் அடிக்க வருவார். ஊரெல்லாம் கண்ணோய் வந்த ஒரு வருஷம் அவர் குழு மட்டும் தப்பியதில் அவருக்குப் பெருமை. காதின் பின்புறமும் தலைமயிர் தொடங்கும் ஓரமும் எல்லோரும் மறக்கும் இடங்கள். மறுநாள் காலையில் தலையணை உறையை எடுத்துவரச் சொல்லிப் பார்ப்பார். அதில் மஞ்சள் இருந்தால் அந்த நடிகனுக்கு அன்று மாலை கடைசியில்தான் மேக்கப்.