வலி வேறு, எச்சரிக்கை வேறு

அறுபதைக் கடந்தவர்களில் ஆடுசதைப் பிடிப்பை அறியாதவர் அரிது. நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்துக் கெண்டைக்காலைக் கல்லாக இறுக்கிவிடும் அந்த வேதனையை என் தாயார் ‘குரக்களி’ என்பார். கிரிவலப் பாதையின் நடுவிலும் மலைக்கோயில் படிகளிலும் அதனால் அமர்ந்துவிட்ட அன்பர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். சளியும் பிடிப்பும் ஒருசேர வந்த நாளொன்றில் நான் ஒரு விளையாட்டுப் போட்டியில் இருந்தேன். அன்று அறிந்துகொண்டது நம் வயதினர் அனைவருக்கும் பயன்படக்கூடும்.

அந்தப் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் மிதிவண்டி ஓட்ட வேண்டும். அதிலிருந்து இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றுக்கும் ஒரே கடிகாரம். காலணி மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே நீச்சல் 1.5 கி.மீ., மிதிவண்டி 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. நான் பெயர் கொடுத்தது அதில் சரிபாதித் தொலைவுக்கு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 61-ஆம் வயதில்தான் நீச்சல் கற்றேன். 64-ஆம் வயதில் இந்தப் போட்டிக்காகப் பதினான்கு மாதங்கள் பயிற்சி செய்திருந்தேன்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் தும்மலும் மூக்கடைப்பும் தொடங்கின. மருத்துவரிடம் சென்றேன். “தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் என்றால் மிதமாகச் செய்யலாம், சார். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடல்வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் கூடாது” என்றார். கிருமித்தொற்று உள்ள உடலை மிகவும் வருத்தினால், சில வேளைகளில் இதயத் தசையே அழற்சி கண்டுவிடும் என்றும் விளக்கினார்.

கடன் வழங்கும் முன் நிபந்தனைகளை எழுத்தில் பெறுவது என் தொழிலாக இருந்தது. அன்று மாலை ஒரு தாளில் மூன்று நிபந்தனைகளை எழுதினேன். ஒன்று, போட்டியன்று காலையில் காய்ச்சல் இருந்தால் போவதில்லை. இரண்டு, நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, குளிர்நடுக்கம் இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது. மூன்று, எவ்வளவு நேரம் ஆனாலும் கவலை இல்லை. கையெழுத்திட்டு அதை மனைவியிடம் கொடுத்தேன். அவளும் சாட்சிக் கையெழுத்திட்டுப் பூஜையறையில் வைத்துக்கொண்டாள்.

போட்டியன்று காலையில் காய்ச்சல் இல்லை. ஐம்பது மீட்டர் குளத்தில் பதினைந்து முறை நீந்த வேண்டும். மூக்கு அடைத்திருந்ததால் மூச்சுக்குத் திண்டாட்டம்தான். பதினோராவது முறையில் வலது ஆடுசதை புரட்டிக்கொண்டது. தண்ணீரில் பாதத்தை நீட்டியே வைத்திருப்பதால் அந்தச் சதை வெகுநேரம் சுருங்கிய நிலையிலேயே இருக்கும். பிடிப்புக்கு அது வாகான நிலை. கயிற்றைப் பற்றிக்கொண்டு, கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்தேன். முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. மீதியை மெதுவாக நீந்திக் கரையேறினேன்.

உடலில் உப்பும் நீரும் குறைவதால்தான் பிடிப்பு வருகிறது என்று நெடுங்காலமாக நம்பப்பட்டது. 1997-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் வேறொரு விளக்கம் தந்தார்கள். சதைக்குச் ‘சுருங்கு’ என்றும் ‘போதும், தளர்’ என்றும் நரம்பின் வழியே இரண்டு ஆணைகள் செல்கின்றன. களைத்த சதையில் முதல் ஆணை ஓங்கி, இரண்டாவது ஆணை மங்கிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. சதையை நீட்டி இழுத்தால் தசைநாண் இழுபடுகிறது. தளரச் சொல்லும் ஆணை மீண்டும் வலுப்பெறுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டைவிரலைப் பிடித்து மடக்கியது இதைத்தான்.

இருபது கி.மீ. மிதிவண்டியைக் கடற்காற்று எதிர்த்தபோதும் இலகுவாகவே மிதித்தேன். இறங்கி ஓடத் தொடங்கியதும் பின்தொடை இறுகியது. சாலையோரத்தில் அமர்ந்து காலை நீட்டினேன். தொண்டர் பணியில் இருந்த இளைஞர் ஓடிவந்து, “சார், ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். நாடியை எண்ணினேன், சீராக இருந்தது. தலை தெளிவாக இருந்தது. “வேண்டாம் தம்பி, இது வெறும் பிடிப்பு” என்று சொல்லி எழுந்து நடந்தேன். நடப்பதற்கு விதியில் தடை இல்லை. நூறடி நடை, நூறடி ஓட்டம் என்று மூன்றரைக் கி.மீ. கடந்தேன். மூன்றாம் முறை பிடித்தபோதும் அதே வைத்தியம்தான்.

எஞ்சியது ஒன்றரைக் கி.மீ. முடிவுக்கோட்டின் ஒலிபெருக்கி காதில் விழுந்தது. வெயில் ஏறியிருந்த அந்த வேளையில் என் கைகளில் மயிர் சிலிர்த்தது. முதுகில் குளிர் பரவியது. வியர்வைக்கு நடுவே நடுக்கம்!

இது பிடிப்பன்று என்பது உடனே விளங்கியது. கால் வலித்தபோது உடல் என்னிடம் ஓய்வு கேட்டது. கொடுத்தேன், எழுந்து நடந்தது. இப்போது அது எச்சரித்தது. பதினான்கு மாத உழைப்பும் அந்த ஒலிபெருக்கியும் ஒருபுறம் இழுத்தன. பூஜையறைத் தாளில் இட்ட கையெழுத்து மறுபுறம் இருந்தது. நிழலில் அமர்ந்து, அந்த இளைஞரை அழைத்து, கணுக்காலில் கட்டியிருந்த நேரக்கருவியைக் கழற்றிக் கொடுத்தேன். முடிக்காதவர்கள் பட்டியலில் என் பெயர் சேர்ந்தது.

மாலையில் காய்ச்சல் 101 பாகையைத் தொட்டது. மனைவி கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். “கையெழுத்தைக் காப்பாத்திட்டீங்க” என்றாள். பதக்கம் வாங்கியிருந்தால் அவ்வளவு நிறைவு இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனடா என்பவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகே இத்துறைக்கு வந்தவர். ஹவாய்த் தீவில் நடக்கும் நெடுந்தொலைவுப் போட்டியில் நீச்சல் 3.8 கி.மீ., மிதிவண்டி 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ. 2015-இல், தம் 82-ஆம் வயதில், எல்லைக்கு அருகே தளர்ந்து விழுந்து எழுந்து, குறித்த நேரத்துக்கு 5 விநாடிகள் பிந்தி வந்தார். அது கணக்கில் சேரவில்லை. 2018-இல், 85 வயதில், அதே போட்டியை நேரத்துக்குள் முடித்தார். உடல் நலமாக இருந்தால் அடுத்த ஆண்டு என்று ஒன்று உண்டு என்பதை அவரிடம் கண்டேன். நானும் மூன்று வாரம் ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் குளத்தில் இறங்கினேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினான்கு கி.மீ. கிரிவலமோ, பாதயாத்திரையோ, புறப்படும் முன் நிபந்தனைகளை எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். வழியில் எழுதினால் ஆசை குறுக்கிடும். பிடிப்பு வந்தால் அமர்ந்து, முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், மெல்லத் தேய்த்துவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உண்பவர்களுக்குப் பிடிப்பு அடிக்கடி வரலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், தாமாகவே உப்பைக் கூட்ட வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், வெயிலில் குளிர் என்றால் ஓரடியும் எடுத்து வைக்காமல் உதவிக்கு அழையுங்கள். எஞ்சிய தொலைவை இன்னொரு நாள் நடந்துகொள்ளலாம்.