கல்லறையிலிருந்து திரும்பும் பாட்டு

இறந்தோரை அடக்கம் செய்வது பங்குத்தந்தையின் வழக்கமான கடமைகளுள் ஒன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, அவ்வேளையில் எதைப் பாடலாம், எதைப் பாடலாகாது என்பதில் நமக்கென்று ஒரு பிடிவாதமும் வளர்ந்துவிடுகிறது. நம்முடைய அந்தப் பிடிவாதத்தை அண்மையில் ஒரு பாட்டு அசைத்துவிட்டது. மூன்று நிமிடங்கள்கூட நீடிக்காத பாட்டு அது.

நம் பங்கில் நெடுங்காலம் பேண்டு வாசித்த முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். அன்று மாலை அவருடைய பேரன் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றான். அவனும் ட்ரம்பெட் வாசிப்பவன். "சாமி, அடக்கம் முடிஞ்சு திரும்பி வரும்போது ஒரு பாட்டு வாசிக்கணும்னு தாத்தா ஆசைப்பட்டாங்க. கொஞ்சம் வேகமான பாட்டு. நீங்க ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றான்.

'வேகமான' என்ற சொல் காதில் விழுந்ததுமே மறுப்பு நம் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், இதைப் போலவே கேட்டு வந்த ஒரு தாயை, "இது என்ன, கலியாண ஊர்வலமா?" என்று கடிந்து அனுப்பியவர் நாம்தான். தலைகுனிந்து படியிறங்கிச் சென்ற அவருடைய உருவம் அன்று ஏனோ நம் கண்முன் வந்து நின்றது. தம்பியின் கைப்பேசியை வாங்கி, இயர்போனைக் காதில் பொருத்திக்கொண்டோம்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் 1938ஆம் ஆண்டு பதிவுசெய்த 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' என்ற பாட்டு அது. கறுப்பின மக்களின் ஆலயங்களில் பாடப்பெற்ற பழைய பக்திப் பாடல். புனிதர்கள் அணிவகுத்து விண்ணகம் புகும் நாளில், அந்த வரிசையில் தானும் ஒருவனாக இருக்க வேண்டுமென்று ஏங்கும் ஓர் எளிய ஆன்மாவின் குரல்.

முதலில் கேட்டது பழைய இசைத்தட்டின் மெல்லிய இரைச்சல். அதன்பின், மறையுரையாளர் ஒருவர் சபையை வரவேற்பதுபோல் ஆம்ஸ்ட்ராங் குறும்பாகப் பேசுகிறார். அடுத்து ட்ராம்போன் எழுந்து வருகிறது. அதன் ஒலி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டே செல்கிறது. குருமடத்தில் கிரகோரியன் இசையில் பழகிய நம் செவிக்கு இது முதலில் ஒழுங்கீனமாகவே பட்டது. ஆனால் அதன் அடியில் தாளம் சிறிதும் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால், நாம் எதிர்பார்க்கும் முதல் எண்ணில் அழுத்தம் விழவில்லை. இரண்டிலும் நான்கிலும் விழுந்தது. ஆகவே உடல் எப்போதும் அடுத்த அடிக்காகக் காத்திருக்கிறது. காத்திருக்கும் உடல் தானே அசைந்துவிடுகிறது.

பின்னர் அந்தக் குரல்! சரளைக் கற்கள்மீது வண்டிச் சக்கரம் உருள்வதுபோன்ற கரகரப்பு. ஆயினும் அதனுள்ளே தாலாட்டின் கனிவு. அவர் ஓர் அடியைப் பாட, வாத்தியக்காரர்கள் சேர்ந்து மறுமொழி கொடுக்கிறார்கள். நம் மக்கள் மன்றாட்டுமாலைக்குப் பதிலுரைக்கும் முறையல்லவா இது என்று வியந்தோம். இறுதியில் அவருடைய ட்ரம்பெட் மேலெழுந்தது. வெயிலில் காய்ந்த பித்தளையின் சூடு அந்த ஒலியில் இருந்தது. பாட்டு முடிந்தபோது அங்கிக்குள் நம் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதைக் கவனித்துவிட்டு, கவனியாதவன்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சென்றபின் இந்தப் பாட்டைப் பற்றித் தேடிப் படித்தோம். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்களின் அடக்க ஊர்வலங்களில் பேண்டு வாத்தியம் உடன் செல்லும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான, துயரம் தோய்ந்த ஞானப்பாடல்களே ஒலிக்கும். சிறு மேளத்தின் கணீரென்ற ஒலி அடங்குவதற்காக அதன் அடித்தோலில் ஒரு கைக்குட்டையைச் செருகியிருப்பார்கள். உடலை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அந்தக் கைக்குட்டை உருவப்படும், மேளம் அதிரும், இத்தகைய பாட்டுகள் தொடங்கும். பின்னால் வரும் கூட்டம் குடைகளை விரித்து, கைக்குட்டைகளை வீசி ஆடிக்கொண்டே வீடு திரும்பும்.

பக்திப் பாடலை இப்படி வாசிப்பது தகாது என்று ஆம்ஸ்ட்ராங்கின் சொந்தச் சகோதரியே அவரைக் குறைகூறினாராம். அந்தக் குறையை நாமும் கூறியிருப்போம். ஆயினும் ஒன்றை நாம் மறந்திருந்தோம். அம்மக்கள் துயரத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை. அதன் முழுத் தொலைவையும் மெல்ல நடந்து கடந்தபின்னரே ஆடினார்கள். பெரிய வெள்ளியை முழுமையாக அனுசரித்தவர்க்கே பாஸ்கா இரவின் அல்லேலூயா உரியது என்று எத்தனை முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம்! அந்த மறையுரையைக் கல்லறை வாசலில் நாமே நம்பாமல் போனது ஏன்?

மற்றொரு செய்தியும் நம் உள்ளத்தைத் தொட்டது. ஆம்ஸ்ட்ராங் தாம் 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகவே சொல்லிவந்தார். 1971இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், நியூ ஆர்லியன்ஸின் திரு இருதய ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மை கிடைத்தது: பிறப்பு 1901 ஆகஸ்ட் 4, ஞானஸ்நானம் ஆகஸ்ட் 25. ஏழைக் குழந்தையொன்றின் பெயரை எழுதிய அந்தக் குருவானவர், எத்தகைய ட்ரம்பெட்டின் முதல் அழுகுரலைக் கேட்டோம் என்பதை அறிந்திருப்பாரா? நாமும் மாதந்தோறும் இத்தகைய ஏடுகளில் பெயர்களை எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்!

மறுநாள் அடக்கம் நடந்தது. போகும்போது வழக்கமான துயரப் பாடல்கள் ஒலித்தன. மண்ணைப் பிடிபிடியாய் இட்டு, இறுதி செபத்தையும் முடித்தோம். பேரன் நம்மைப் பார்த்தான். தலையசைத்தோம். ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தவனுக்கு முதல் சுரம் உடைந்தது. இரண்டாவது நிமிர்ந்து நின்றது. கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் முதியவரின் மனைவி, கண்ணீர் வழிய வழிய, தம் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த விரல்களால் மெல்லத் தாளமிட்டார். சரியாக இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும்! அந்தக் கணவரோடு வாழ்ந்த காலமெல்லாம் அவர் கேட்டுவந்த பாட்டு அது என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

முன்பு நாம் கடிந்து அனுப்பிய அந்தத் தாய் இன்று எங்கிருக்கிறாரோ! பழைய பங்கிற்குச் சென்று அவரைத் தேடுவதென்று உறுதிகொண்டுள்ளோம். மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வாசிக்கச் சொன்னது எந்தப் பாட்டு என்றும் கேட்க வேண்டும்.