ஏழு கிலோ எங்கே, அஞ்சு கிலோ எங்கே

காலை ஆறரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அந்தச் சிவப்பு நிறக் கார் நான்கு தராசுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. கோவை செட்டிபாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே. 1980களில் ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவரதனின் பெயரைத் தாங்கிய தடம் இது. கைக்காசில் கார் கட்டிப் பார்க்கும் பிள்ளைகள் இன்றும் இந்தப் பக்கம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சிவப்புக் காரும் அப்படி ஒன்றுதான். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் இரண்டு வருடமாகக் கட்டியது. இரும்புக் குழாய்ச் சட்டம், இரண்டு இருக்கை, இருக்கைக்குப் பின்னால் ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்.

போன மாதம் இதே தடத்தில் மூன்று முறை சுழன்று புல்லுக்குப் போயிருக்கிறது. வளைவின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின்பக்கம் விலகிக்கொள்கிறது. அதைச் சரிசெய்யத்தான் பெரியவர் வந்திருந்தார். ஒற்றை இருக்கை ரேஸ் கார்களோடு முப்பது வருடத்துக்கு மேல் கழித்தவர்.

"எந்த ஸ்பிரிங் போட்டிருக்குது கண்ணு?"

"முன்னாடி அஞ்சு கிலோ, பின்னாடி ஏழு கிலோங்ணா. இன்ஜின் பின்னாடி இருக்குதுங்ளா, பாரம் அங்கதான். அதனால பின்னாடி கெட்டியாப் போட்டேன்."

அஞ்சு கிலோ என்றால், அந்த ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஐந்து கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். பையன் சொன்னதில் எனக்குக் குறை தெரியவில்லை. பாரம் எங்கேயோ அங்கே பலம். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. ஹெல்மெட் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத் தராசைப் படித்தார். முன் இடது 151, முன் வலது 149, பின் இடது 212, பின் வலது 208. மொத்தம் 720 கிலோ. அதில் முன்னால் 42 சதவீதம், பின்னால் 58.

பிறகு காரை ஸ்டாண்டில் ஏற்றி, முன் ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, ஷாக்கைத் திரும்ப மாட்டினார்கள். சக்கரத்தின் அடியில் ஜாக்கி வைத்து, இரும்பு ஸ்கேலைப் பிடித்து, சரியாக 50 மில்லி தூக்கினார் பெரியவர். ஷாக்கின் தண்டு எவ்வளவு உள்ளே போனது என்று என்னைப் பார்க்கச் சொன்னார். 30 மில்லி. முன் ஷாக்கின் கீழ்முனை, சக்கரத்தை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, சஸ்பென்ஷன் கையின் இடையில் மாட்டியிருந்தது. பின்பக்கம் அதே மாதிரி அளந்தபோது 50-க்கு 40 வந்தது.

இந்த இரண்டு அளவுகளில்தான் விஷயம் முழுவதும் இருந்தது. முன் சக்கரம் ஒரு மில்லி ஏறினால் ஸ்பிரிங் 0.6 மில்லிதான் அமுங்கும். அந்த ஸ்பிரிங்கின் எதிர்ப்பும் நெம்புகோல் வழியே சக்கரத்துக்கு வந்துசேரும்போது மறுபடி 0.6 பங்காகக் குறையும். ஆக 0.6-ஐ 0.6-ஆல் பெருக்க வேண்டும்: 0.36. அஞ்சு கிலோ ஸ்பிரிங், சக்கரத்தில் வெறும் 1.8 கிலோவாகத்தான் நிற்கிறது. பின்னால் 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64. ஏழு கிலோ ஸ்பிரிங் அங்கே 4.48 கிலோ. பெட்டியில் அச்சடித்திருந்த 5-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் சிறியது. தரையில் டயர் உணர்ந்ததோ இரண்டரை மடங்கு வித்தியாசம். பையன் தன் நோட்டில் இதை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

சரி, பின்பக்கம் கெட்டியாக இருந்தால் ஏன் வழுக்க வேண்டும்? பெரியவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். காரின் எடைமையம் தரையிலிருந்து சுமார் 450 மில்லி உயரம், இடது வலது சக்கரங்களின் இடைவெளி 1400 மில்லி. தன் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு கார் வளைவில் போனால், உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு ஏறத்தாழ 230 கிலோ பாரம் மாறும். எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் இந்த 230 குறையாது. பலர் தடுமாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கெட்டி ஸ்பிரிங் போட்டால் கார் சாய்வது குறையும், பாரம் மாறுவது குறையாது. அந்த 230-ஐ முன்னும் பின்னும் எப்படிப் பங்கு போடுவது என்பதை மட்டுமே ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. எது கெட்டியோ அது பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும்.

டயருக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதனால் ஒரே அச்சில் ஒரு டயருக்கு அளவுக்கு மீறிய பாரமும் மற்றதற்கு ஒன்றுமில்லாமலும் இருந்தால், இரண்டும் சேர்ந்து தரும் பிடிப்பு குறைந்துபோகும். இந்தக் காரில் சக்கர அளவில் பின்பக்கத்தின் பங்கு 71 சதவீதம். 230-இல் 165 கிலோ பின்னால் மட்டுமே மாறுகிறது. சராசரியாக 210 கிலோ தாங்கும் பின் டயர்களில் வெளிப்பக்கத்தது 375 கிலோவைச் சுமக்க, உள்பக்கத்தது 45 கிலோவோடு தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது. பின்பக்கம் ஒற்றைக் காலில் ஓடிக்கொண்டிருந்தது. சஸ்பென்ஷன் கைகளின் கோணம் இந்தப் பங்கைச் சற்று மாற்றும், அதனால் இவை கிராம் சுத்தமான எண்கள் இல்லை. நோயைக் காட்ட இது போதும்.

"அப்ப புது ஸ்பிரிங் வாங்கணுங்களாண்ணா?"

"எதுக்கு? இருக்கறதையே மாத்திப் போடு. முன்னாடி இருக்கறதப் பின்னாடி, பின்னாடி இருக்கறத முன்னாடி."

கணக்கைப் பார்த்தால், ஏழு கிலோ முன்னால் போகும்போது சக்கரத்தில் 2.52 ஆகிறது, அஞ்சு கிலோ பின்னால் போய் 3.2 ஆகிறது. முன்பக்கத்தின் பங்கு 29-இலிருந்து 44 சதவீதமாக ஏறுகிறது. எடை 42, பங்கு 44. எடையைவிடச் சற்றுக் கூடுதலாக முன்னால் நிற்பதுதான் ஓட்டுபவருக்குத் துணிவு தரும் இடம். எல்லை மீறும்போது முன்பக்கம் முதலில் மெல்ல விலகி எச்சரிக்கும்.

அலைவு எண்ணையும் பார்த்தார். ஒரு வினாடிக்குள் கார் உடல் ஸ்பிரிங்கின் மேல் எத்தனை முறை ஏறி இறங்கும் என்ற கணக்கு அது. சக்கரம், பிரேக், கைகளில் பாதி என்று முன்னால் ஒரு பக்கத்துக்கு 25 கிலோவும் பின்னால் 32 கிலோவும் கழித்தால், ஸ்பிரிங் சுமப்பது முன்னால் 125, பின்னால் 178. பழைய அமைப்பில் முன்பக்கம் 1.9, பின்பக்கம் 2.5. மாற்றிய பின் முன்பக்கம் 2.2, பின்பக்கம் 2.1. நாம் தினமும் ஓட்டும் குடும்பக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும். பின்பக்கம் சற்று வேகமாக அலைந்தால் மேட்டைத் தாண்டிய கார் சீக்கிரம் சமநிலைக்கு வரும் என்று 1930களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி காட்டினார். சாலைக் காருக்கு இன்றும் அது நல்ல வழி. சமதளமான பந்தயத் தடத்தில், ஷாக் கெட்டியாக இருக்கும்போது, பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஸ்பிரிங்கைக் கையில் வாங்கியபோது எனக்குப் பழைய வருத்தம் ஒன்று எழுந்தது. என் முதல் காரைத் தாழ்த்த வேண்டும் என்று ஒரு பட்டறையில் கேட்டேன். ஆறு சுற்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்து மாட்டிக் கொடுத்தார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், ஆறில் ஒன்று போனால் 20 சதவீதம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கார் மழையில் குழந்தைகளோடு ஒருமுறை வழுக்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

மாற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு ஸ்பிரிங்குக்கும் உள்விட்டமும் நீளமும் ஒன்றாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அதே பாரத்தில் முன் ஸ்பிரிங் இப்போது 12 மில்லி குறைவாக அமுங்கும், பின் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 13 மில்லி கூடுதலாக அமுங்கும். அடித்தட்டு நட்டுகளை அதற்கேற்ப முன்னால் இறக்கி, பின்னால் ஏற்றி, காரின் உயரத்தைப் பழையபடி கொண்டுவந்தார்கள். பின் ஷாக் திரும்பும்போது தரும் எதிர்ப்பைப் பெரியவர் மூன்று கிளிக் தளர்த்தினார். மெத்தென்ற ஸ்பிரிங்குக்கு அவ்வளவு இறுக்கம் வேண்டாம். கடைசியாக ஒவ்வொரு ஷாக் தண்டிலும் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஷாக் உடலை ஒட்டிக் கீழே தள்ளிவிட்டார். ஷாக் எதுவரை அமுங்குகிறதோ அதுவரை அது தள்ளப்பட்டு நிற்கும். பின்பக்கம் மெத்தாகி, ரப்பர் தடையில் போய் முட்டினால், அந்த நொடியில் ஸ்பிரிங் கல்லாகிவிடும். பழைய நோய் திரும்ப வரும்.

பையன் ஆறு சுற்று ஓட்டினார். பிட் சுவரிலிருந்து பார்த்தேன். வேகமான வளைவில் முன்பெல்லாம் கைகள் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் பதறித் திருப்பும் இடத்தில், இப்போது ஒரே கோணத்தில் பிடித்தபடி வெளியே வந்தார். ஆக்சிலரேட்டர் சத்தம் முன்பைவிட முன்னாலேயே எழும்பியது. உள்பக்கப் பின் டயர் தரையில் அழுந்திச் சுழல்வது கண்ணுக்கே தெரிந்தது.

இறங்கியதும் பெரியவர் காருக்கு அடியில் படுத்துக் கேபிள் டையைத்தான் முதலில் பார்த்தார். ரப்பர் தடைக்கு இன்னும் 6 மில்லி மிச்சம்.

"எப்படி கண்ணு இருக்குது?"

"வேற கார் மாதிரி இருக்குதுங்ணா. மெதுவான வளைவுல மட்டும் மூக்கு கொஞ்சம் வெளிய போகுது."

"போகும். பின்னாடி அஞ்சரை கிலோ போட்டா முன்பங்கு 42-க்கு வந்துரும், மூக்கு உள்ள வரும். ஒரு ஜோடி சுத்தச் சொல்லிரு. வாங்கறப்ப வெர்னியர் எடுத்துட்டுப் போ. பத்து மில்லி கம்பி பத்தரையா இருந்தாலே ஸ்பிரிங் இருபது சதம் கெட்டியாயிரும். கடைக்காரர் சொல்ற நம்பர எழுதாத, நீ அளந்தத எழுது."

பையன் நோட்டைக் காரின் மூடிமேல் வைத்து எழுதத் தொடங்கினார். பெரியவர் அடுத்த ஓட்டத்துக்குள் டயர் காற்றைப் பார்த்துவிட கேஜை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே குனிந்தார்.