துபாயில் பந்தயம், குவைத்தில் திருவிழா... முத்துக்குளித்த தூத்துக்குடியில் என்ன மிச்சம்?

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிற தூத்துக்குடிக்காரர் அங்கே முதலில் சந்திக்கும் விளையாட்டு கால்பந்து. டீக்கடை டி.வி-யில் கால்பந்து, டாக்ஸி ரேடியோவில் கால்பந்து, சலூனில் முடிவெட்டும்போதும் கால்பந்துதான் பேச்சு. ஊரில் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தவருக்கு இது பழகச் சில மாதங்கள் ஆகும். காயல்பட்டினத்துக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. அந்த ஊருக்கே கால்பந்து என்றால் உயிர்.

ஆனால், கொஞ்ச நாள் தங்கிவிட்டால் இன்னொரு விளையாட்டு கண்ணில் படும். மே, ஜூன் வாக்கில் துபாய் தொலைக்காட்சியில் கடல் தெரியும். நீலப் பரப்பில் வெள்ளை வெள்ளையாக முக்கோணப் பாய்கள். 60 அடி நீள மரப் படகுகள், காற்றை மட்டும் நம்பிச் சீறிக்கொண்டு வரும். அரபிகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கடற்கரையில் பிறந்தவருக்கு அந்தக் காட்சி ஏதோ பழக்கப்பட்டதுபோல இருக்கும். காரணம் இருக்கிறது. அந்தப் பந்தயத்தின் வேர் முத்துக்குளிப்பு. தூத்துக்குடியின் வேரும் அதுதான்.

கரை திரும்பும் நாள்

அந்தப் பந்தயத்தின் பெயர் 'அல் கஃபால்'. முத்துக்குளிக்கும் பருவம் முடிந்து படகுகள் வீடு திரும்பும் நாளுக்கு அரபியில் அந்தப் பெயர். 1991-ல் ஷேக் ஹம்தான் பின் ராஷித் அல் மக்தூம் இதைத் தொடங்கிவைத்தார். 'சீர் பூ நயீர்' என்ற சிறு தீவிலிருந்து புறப்பட்டு, மூன் ஐலண்ட் வழியாக துபாய் கரையைத் தொட வேண்டும். 50 கடல்மைலுக்கு மேல் ஓட்டம்.

ஏன் அந்தத் தீவு? முத்து எடுக்கப் போன படகுகள் பருவம் முடிந்ததும் அங்கே கூடி, அங்கிருந்துதான் ஊர் திரும்புமாம். பந்தயம் தொடங்கும்போது எல்லாப் படகுகளிலும் பாய் இறங்கியிருக்கும். சைகை கிடைத்ததும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாயை ஏற்றுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் யார் முந்துகிறார்களோ, அவர்களுக்குப் பாதி வெற்றி. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பவருக்கு மீதி வெற்றி.

இது தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு அத்துப்படியான வித்தை. இங்கிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணிகள், இன்ஜின் வருவதற்கு முன்பு பல தலைமுறைகள் பாயை நம்பித்தான் ஓடின. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்த கரை இது. வளைகுடாவில் வடமேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு 'ஷமால்' என்று பெயர். பெயர்தான் வேறு, அதை முகத்தில் வாங்கிப் படிக்கும் கலை ஒன்றுதான்.

குவைத்தின் கல்லும் கயிறும்

குவைத்தில் பந்தயம் இல்லை, பயணம் இருக்கிறது. 1986 முதல் அந்த நாட்டின் கடல் விளையாட்டு சங்கம் இளைஞர்களை மரப் படகுகளில் ஏற்றி, பழைய முறையிலேயே முத்துக்குளிக்க அனுப்புகிறது. 1990-ல் ஈராக் படையெடுப்பு வந்தது. போர் ஓய்ந்த பிறகு மீண்டும் தொடங்கினார்கள். புறப்படும் நாள் 'தஷா', திரும்பும் நாள் 'கஃபால்'. இரண்டு நாளும் கரையில் கூட்டம் அலைமோதும். வெள்ளை உடையில் படகேறும் பையன்களை அம்மாக்களும் தாத்தாக்களும் கையசைத்து வழியனுப்புவார்கள்.

கத்தாரின் தோகாவில் கட்டாரா கலாசார கிராமம் 'சென்யார்' என்ற பெயரில் முத்துக்குளிப்பையும் தூண்டில் மீன்பிடிப்பையும் போட்டியாகவே நடத்துகிறது. 2022 உலகக் கோப்பை கால்பந்துக்காக அல் வக்ராவில் கட்டிய அல் ஜனூப் மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அதன் கூரை பாய்மரத்தின் வடிவம். அல் வக்ரா ஒருகாலத்தில் முத்துக்குளிக்கும் ஊர். உலகமே பார்த்த கால்பந்து மைதானத்திலும் முத்துப் படகின் பாயை விரித்துவிட்டார்கள்!

பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் முத்து வணிகர்களின் வீடுகள், கடைகள், கடலடிச் சிப்பிப் படுகைகள் எல்லாம் சேர்த்து 2012-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. குளியாட்கள் பாடிய 'ஃபிஜ்ரி' பாட்டுகளுக்கு 2021-ல் தனி அங்கீகாரம்.

ஒரே கடலடி, இரண்டு மூக்குகள்

முத்துக்குளிக்கும் முறை இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குளியாள் ஒரு காலைக் கல்லில் வைப்பார். கல்லில் கட்டிய கயிறு கையில். மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினால், கல்லின் கனம் அவரை அடிமட்டத்துக்கு இழுத்துப்போகும். தூத்துக்குடிக் கடலில் அது ஏறக்குறைய 15 முதல் 20 மீட்டர். ஒரு நிமிடம், முன்னே பின்னே. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டு, கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுப்பார். அந்த ஆள் கண்ணயர்ந்தால் கீழே இருப்பவரின் கதி அவ்வளவுதான்.

ஒரே ஒரு வித்தியாசம். அரபிக் குளியாள் மூக்கில் கவ்வி மாட்டிக்கொள்வார். அதற்கு 'ஃபிதாம்' என்று பெயர். தமிழ்க் குளியாள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்கள் உண்டு. இலங்கையின் மன்னார் கரையில் மரிச்சுக்கட்டி என்ற இடத்தில் 1900-களின் தொடக்கத்தில் பெரிய முத்துக்குளிப்புகள் நடந்தன. நம் கரையிலிருந்து தமிழர்கள் போனார்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வந்தார்கள். 1906-ல் அங்கே அரசு அலுவலராக வேலை பார்த்தவர் லெனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரானவர். அந்தக் கடற்கரையையும் குளியாட்களையும் பற்றி அவர் பின்னாளில் எழுதினார். ஆக, இன்று வளைகுடாவில் ஒரு தூத்துக்குடிக்காரர் டி.வி-யில் பார்க்கும் பந்தயக்காரரின் கொள்ளுத்தாத்தாவும், இவரின் கொள்ளுத்தாத்தாவும் ஒரே கடலில் மூழ்கி எழுந்திருக்கலாம்.

கொற்கை முதல் 1961 வரை

முத்துக்குளிப்பில் மூப்பு பார்த்தால் தூத்துக்குடிக் கரைக்குக் குறைச்சல் இல்லை. பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகத்து முத்து, சங்கப் பாடல்களிலும் கிரேக்கர்களின் பயணக் குறிப்பிலும் இடம்பெற்றது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கி, கொற்கை இன்று வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம். அதன் பிறகு காயல் செழித்தது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் காயலில் இறங்குவதைக் குறித்து வைத்தார். முத்துக்குளிப்பின்போது சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போட ஆட்கள் இருந்ததையும், வரும் சிப்பியில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாகப் போனதையும் எழுதினார். அப்படிப்பட்டவர்களைப் பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்று அழைத்தார்கள்.

போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறின. கடலுக்குள் இறங்கிய ஆட்கள் பெரும்பாலும் பரதவர்களும் கரையோர முஸ்லிம்களும்தான். சிப்பி கிடைக்கும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் 'தொல்லாயிரம் பார்' அவற்றில் பேர்போனது. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு.

சிப்பி ஒவ்வோர் ஆண்டும் விளையாது. பல ஆண்டுகள் இடைவெளி விட்டுத்தான் முத்துக்குளிப்பு நடக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசி. அதற்கு மேல் பார்களில் சிப்பி போதிய அளவு சேரவில்லை. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமி, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். ஆனாலும் கரையில் பழைய முத்துச் சந்தை திரும்பவில்லை.

அவர்களுக்கு எண்ணெய், நமக்கு?

வளைகுடாவிலும் முத்துத் தொழில் செத்துப்போனதுதான். ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்ததும், 1930 வாக்கில் உலகப் பொருளாதாரம் சரிந்ததும் அதை முடித்துவைத்தன. 1932-ல் பஹ்ரைனிலும், 1938-ல் குவைத்திலும் எண்ணெய் பீறிட்டது. குளியாட்களின் பிள்ளைகள் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். வயிறு நிறைந்த பிறகு பழசை நினைக்க நேரம் கிடைத்தது.

அந்தப் பழசில் இனிப்பு மட்டும் இல்லை. படகுத் தலைவரிடம் முன்பணம் வாங்கிய குளியாள், கடனை அடைக்க முடியாமல் அதை மகன் தலையில் விட்டுப்போன கதைகள் வளைகுடாவில் ஏராளம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். திருவிழா வெளிச்சத்தில் அது அதிகம் தெரிவதில்லை. தெரிய வேண்டும்.

ஆனால், ஒன்றை அவர்கள் செய்தார்கள். தொழிலாக இனி வராது என்று தெரிந்ததும், அந்தத் திறமையை விளையாட்டாக மாற்றிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். கயிறு கட்டவும், மூச்சடக்கவும், பாய் ஏற்றவும் இன்று அங்கே இருபது வயதுப் பையனுக்குத் தெரிகிறது.

தூத்துக்குடியில்? சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் ரயிலுக்கு 'முத்து நகர் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். கடற்கரைப் பூங்காவுக்கு 'முத்து நகர் கடற்கரை' என்று பெயர். முத்து பெயர்ப்பலகையில் பத்திரமாக இருக்கிறது.

திரேஸ்புரத்தில் மிஞ்சியிருப்பது

திறமை முழுதாக அழிந்துவிடவில்லை. தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் சங்குகுளிக்கும் தொழிலாளர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். முத்துப் பாரில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் உண்டு. அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. அங்கே திருமணமான பெண்ணின் கையில் அது மங்கலச் சின்னம். முகக் கண்ணாடி மாட்டி மூச்சடக்கி இறங்குபவர்களும் இருக்கிறார்கள், கம்ப்ரஸர் காற்றுக் குழாயை வாயில் கவ்வி இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழாயை நம்பி நீண்ட நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், முடக்கமும் வரலாம், உயிரும் போகலாம்.

இதே திறமைக்கு குவைத்தில் கைதட்டல். இங்கே விபத்து நடந்தால்தான் செய்தி.

கடல் விளையாட்டு நமக்கு ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ஊரே கரையில் நின்று ஆரவாரம் செய்யும். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் அலைச்சறுக்கு பழக வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அலைச்சறுக்குப் பலகைக்கு இடம் இருக்கும் கரையில், பாய்க்கும் இடம் இருக்காதா?

பவளத்திட்டுகளும் 21 தீவுகளும் அடங்கிய மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இங்கே இருப்பதால், சிப்பி அள்ளும் போட்டியெல்லாம் சரிப்படாது. சரிப்படக் கூடியவை வேறு இருக்கின்றன: மூச்சடக்கும் போட்டி, பாய் ஏற்றும் போட்டி, தோணிப் பந்தயம். ஆகஸ்ட் 5-ம் தேதி பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்கு ஊர் நிறைய ஜனம் சேர்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களும் லீவு போட்டு வருகிறார்கள். பார்க்க ஆள் இல்லை என்ற கவலையும் இல்லை.

தூத்துக்குடி போகிறவர்கள் மக்ரூனோடு திரும்பிவிடாமல், ஒரு காலை நேரத்தைத் திரேஸ்புரத்துக்கு ஒதுக்கலாம். படகுகள் கரை சேரும் நேரம். பழைய துறைமுகம் பக்கம் போனால் சரக்கு ஏற்றும் தோணிகளையும் பார்க்கலாம். ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலைப் படித்துவிட்டுப் போனால், அந்தக் கரை இன்னும் கொஞ்சம் பேசும். 2013-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற நாவல் அது.

முக்கியமாக, அங்கே வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். 1961-ல் கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவருக்கு அன்று 18 வயது என்று வைத்தாலும், இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். கல்லில் கால் வைத்துத் தொல்லாயிரம் பாரில் இறங்கியது எப்படி இருந்தது என்று சொல்ல, இனி அதிகம் பேர் இல்லை.