படம் பிடிக்கப் பழகிய ஓராண்டு

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன் புதிதாக ஒரு கலையைப் பழகப் புகுந்தால் ஊரார் இரண்டில் ஒன்று சொல்வர்: ஒன்று, "வேலையற்றவன்" என்பர், அன்றேல், "கையிற் காசு மிஞ்சிவிட்டது" என்பர். எமக்கு இவ்விரண்டும் பொருந்தா. கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு வேலைக்குக் குறைவில்லை. மாத முடிவிற் காசு மிஞ்சுவதுமில்லை. ஆயினும் சென்ற தைப்பொங்கலன்று தொடங்கி ஓராண்டு காலம், கமரா ஒன்றைத் தோளிலே மாட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அதன் தீவுகளையும் சுற்றிவந்தோம். அப்பயணத்திற் கண்டவற்றையும், கண்டும் படத்தில் விழாதவற்றையும் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலந்தாழ்த்தித் தொடங்கியதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு எமக்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் மாது, தம் மகள் கொடுத்த கமராவை 1863ஆம் ஆண்டு மார்கழியில் முதன்முதற் கையிலெடுத்தபோது அவருக்கு வயது 48. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த முகப்படங்கள் சிலவற்றை எடுத்தவர் அவரே. 1875இல் இலங்கைக்கு வந்த அவர், 1879இல் இங்கேயே காலமானார். மலைநாட்டிலே பொகவந்தலாவையிலுள்ள தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கின்றது. அவர் காலத்தில் ஒரு படத்துக்காக ஆட்கள் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. அத்தொல்லை எமக்கில்லை என்று மகிழ்ந்தோம். தொல்லை வேறிடத்தில் இருந்ததை அப்பொழுது அறியோம்.

கமராவை நாம் விலைகொடுத்து வாங்கவில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த மைத்துனர், தாம் புதியது வாங்கப்போவதாகச் சொல்லி, தமது பழைய டிஜிட்டல் கமராவையும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையும் எம்மிடம் விட்டுச் சென்றார். இருபது வருடங்களாக வில்லைச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவரும் எமக்கு இஃது எம்மாத்திரம் என்று எண்ணினோம். பொங்கலன்று முற்றத்தில் 300 படங்கள் எடுத்தோம். பானை தெளிவாக விழுந்த படத்திற் பொங்கியவரின் முகம் இருண்டிருந்தது. முகம் விழுந்த படத்தில் வானம் வெளுத்திருந்தது. தேறியவை இரண்டே. அவ்விரண்டில் ஒன்று எமது இளைய மகள் கை தவறி எடுத்தது.

பெரியவரின் கணக்கு

இத்தோல்வியைச் சுமந்துகொண்டு, நகரில் முன்னர் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் சென்றோம். எழுபத்தைந்தைக் கடந்தவர், சிவப்பு விளக்கின் கீழ் நெடுங்காலம் படங் கழுவியவர். எமது படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், நீங்கள் சாமானைப் பாக்கிறியள். வெளிச்சத்தைப் பாருங்கோ" என்றார். பின்பு ஒரு பழைய கணக்கைச் சொல்லித் தந்தார். மேகமற்ற வெயிலில் வில்லையின் துவாரத்தை 16ஆம் எண்ணில் வைக்கவேண்டும்; ஒளியுணர் எண் 100 எனின், மூடி ஒரு செக்கனில் நூற்றிலொரு பங்கு நேரம் திறந்து மூடவேண்டும். இதற்கு அளவுமானி எதுவும் வேண்டியதில்லை. சூரியன் இருந்தாற் போதும்.

ஒரு மாதம் வேறெங்கும் போகாமல் ஒரேயிடத்திற்கு ஒரே நேரத்திற் போய்வருமாறும் அவர் பணித்தார். நாம் பண்ணைப் பாலத்தைத் தெரிந்துகொண்டோம். மாசி மாதத்து விடியலில் சைக்கிளில் அங்கு சென்றால், கடல்நீரேரி தகடுபோற் கிடக்கும். சிறகுவலைக் கம்புகள் நீரில் வரிசையாக நின்று, தம் நிழலுடன் சேர்ந்து இரட்டை வரிகளாய்த் தோன்றும். இடுப்பளவு நீரில் ஒருவர் நடந்து செல்வார். அவர் பின்னே வள்ளம் தானாகவே மிதந்து வரும்.

துவார எண்களின் மருமத்தை நாம் விளங்கிக்கொண்டது அங்கேதான். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று அவ்வெண்கள் செல்லும். எண் பெருகத் துவாரம் சிறுக்கும்; ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். வட்டத்தின் பரப்பு அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதே காரணம் என்று எம் மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அஃது ஒரு மீனவரின் முகத்தைக் காட்டவும் மறைக்கவும் வல்லதென்பதை அந்த மாதத்திலேதான் அறிந்தோம்.

வெண்மை அறியாத கருவி

பங்குனியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சென்றோம். 1959இல் திறக்கப்பெற்று, 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியுண்டு, பின்னர் மீண்டும் எழுந்த அக்கட்டிடத்தின் வெண்மையை அறியாதார் எம்மவரில் இலர். நண்பகல் வெயிலில் நின்று பத்துப் படங்கள் எடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், அத்தனையிலும் மண்டபம் சாம்பல் பூத்து நின்றது. கருவி பழுதென்றே எண்ணினோம்.

பெரியவர் சிரித்தார். கமராவின் அளவுமானி தனக்கு முன்னாலிருக்கும் பொருள் எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறத்ததென்றே கருதிக்கொள்ளும். வெண்சுவரைக் கண்டால் "ஒளி மிகுதி" என்று குறைத்துவிடும். கரிய யானையைக் கண்டால் "ஒளி போதாது" என்று கூட்டிவிடும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வேண்டின், எடுப்பவனே ஒரு படியோ ஒன்றரைப் படியோ ஒளியைக் கூட்டிக் கொடுக்கவேண்டும். பெரியவரின் வெயிற்கணக்குக் கட்டிடத்தைப் பாராமற் சூரியனைப் பார்ப்பதால், அக்கணக்கில் இப்பிழை நேர்வதில்லை. மறுவாரம் மீண்டும் சென்று எடுத்தோம். நூலகம் வெள்ளையாகவே விழுந்தது.

நெடுந்தீவிற் கண்ட குதிரைகள்

சித்திரை விடுமுறையில் இரு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று வீதி கடலை ஊடறுத்துச் செல்லும். குறிகட்டுவான் துறையில் இறங்கிப் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்க மரமும், சிதைந்த பழங்கோட்டையும் அத்தீவின் காட்சிகள். எல்லாவற்றினும் மேலாக, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்துவந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டாக்காலிகளாகத் திரிகின்றன.

படகிலேயே எமது ஆசை கட்டுக்கடங்கவில்லை. அலையை எடுத்தோம், கடற்காகத்தை எடுத்தோம், வாந்தியெடுத்த மாணவனையும் எடுத்தோம். கோட்டையையும் மரத்தையும் எடுத்து முடித்து, தெற்குப் புல்வெளியை அடைந்தபோது கமராவின் பற்றரி இறந்துவிட்டது. அந்நேரம் பார்த்துப் பதினைந்து குதிரைகள், குட்டிகளுடன், எமக்கு முன்னே நின்றன. ஒரு குட்டி தாயின் வயிற்றோடு உரசிக்கொண்டு எம்மையே உற்றுநோக்கிற்று. மூவரும் வரம்பில் அமர்ந்து, வேறு வழியின்றி, அவற்றை வெறுங்கண்ணாற் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எடுத்த படங்களில் எதுவும் இப்பொழுது எமக்கு நினைவில்லை. அக்குட்டியின் நெற்றிச் சுட்டியை இன்றும் வரைந்து காட்டுவோம். "ரண்டு பற்றரி கொண்டுபோகச் சொன்னனானெல்லோ" என்பதே பெரியவரின் ஆறுதல்.

கீரிமலையும் நல்லூரும்

வைகாசியிற் கீரிமலைக் கேணியில் மூடியின் வேகத்தைப் பழகினோம். சுண்ணாம்புக்கற் படையினூடே வடிந்துவரும் மழைநீர் கடலோரத்தில் நன்னீராய் ஊறும் அக்கேணியில், சிறுவர்கள் மதிலிலிருந்து ஓயாமற் குதித்துக்கொண்டிருந்தனர். செக்கனில் ஆயிரத்திலொரு பங்கில் எடுத்தால் சிதறிய துளிகள் பளிங்கு மணிகளாய் அந்தரத்தில் நின்றன. பதினைந்திலொரு பங்கில் எடுத்தால் பையன் புகையாகி மறைந்தான்.

ஆடி அமாவாசையன்று மீண்டும் அங்கு சென்றோம். அன்று கமரா கொண்டுபோகவில்லை. தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செலுத்தும் நாள் அது. எமது தந்தையார் 1993இற் காலமானார். எமக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. குருக்கள் சொல்லச் சொல்லத் தந்தையின் பெயரைச் சொல்லி எள்ளுந் தண்ணீரும் இறைத்துக் கண்ணை மூடினோம். முகம் வரவில்லை. புள்ளி புள்ளியாய் ஏதோ ஒன்று வந்தது.

அதன் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் மழையில் நடந்து கடந்த இலட்சக்கணக்கானோரில் நாமும் தாயாரும் இருந்தோம். அரிசியும் உடுபுடவையும் எடுத்தோம். அலுமாரி மேலிருந்த அல்பத்தை எடுக்கவில்லை. சில நாளில் திரும்பிவிடலாமென்ற எண்ணம். மறுவருடம் வந்தபோது கூரையும் இல்லை, அல்பமும் இல்லை. பெரியவரின் ஸ்டூடியோவிலிருந்த நெகற்றிவ்களும் அவ்வாறே அழிந்தன. தந்தையின் முகம் எஞ்சியது ஒரேயோரிடத்தில்: அந்தியேட்டியன்று வெளியிட்ட கல்வெட்டின் பிரதியொன்று கொழும்பிலிருந்த பெரியதாயாரிடம் இருந்தது. பொருளாதாரத் தடைக் காலமாதலால் பத்திரிகைகளே அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகிய நாள்கள் அவை. கல்வெட்டும் அப்படியே. நீலக் கோடுகளுக்கு மேலே, கரும்புள்ளிகளின் கூட்டமாகத் தந்தை இருந்தார். முப்பது வருடம் பார்த்துப் பார்த்து, அப்புள்ளிகளே எமக்குத் தந்தையாகிவிட்டன.

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரிற் கொடியேறி, இருபத்தைந்து நாள் விழா நடைபெற்றது. ஒருநாட் காலை, வெளிவீதி மணலிற் பிரதட்டை செய்யும் ஆடவர்களுக்குப் பின்னே அடியழித்துவந்த மூதாட்டி ஒருவரைக் கண்டு கமராவை உயர்த்தினோம். ஒளி, துவாரம், வேகம் யாவும் சரியாக அமைந்த கணம். அவர் நிமிர்ந்து எம்மைப் பார்த்தார். கோபமில்லை, முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கமராவைத் தாழ்த்தினோம். அவர் மீண்டும் குனிந்து நிலத்தைத் தொட்டார். யாருக்காக நேர்ந்தாரோ? அந்தப் படம் எம்மிடம் இல்லை. இல்லாதது நன்றென்றே இன்றும் எண்ணுகிறோம்.

மார்கழியில், வீட்டில்

கார்த்திகை மழையில் எங்கும் செல்ல முடியவில்லை. கல்வெட்டை எடுத்துவைத்துப் படம் பிடிக்கத் தொடங்கினோம். ஓராண்டாய்ப் பழகிய வித்தை முழுவதையும் காட்டிக் குவியத்தை மிகக் கூர்மையாக வைத்தோம். கூர்மை ஏற ஏறப் புள்ளிகளே தெரிந்தன, முகம் கலைந்தது. பெரியவரிடம் கொண்டு சென்றோம். அவர் கல்வெட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "குவியத்தைக் கொஞ்சம் தவற விடுங்கோ மாஸ்ரர். கோடு நீலமெல்லோ? நீல வெளிச்சத்திலை நீலக் கோடு நிக்காது. முந்தி நாங்கள் நீலக் கண்ணாடி போட்டு எடுக்கிறனாங்கள்" என்றார்.

பௌதிக ஆசிரியனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாவா? நீலவொளியில் தாளும் நீலக் கோடும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். கரும்புள்ளி மாத்திரம் கருமையாக நிற்கும். வீட்டுக்கு வந்து குவியத்தை ஒரு மயிரிழை தவறவிட்டு எடுத்து, படத்தின் நீலக்கூற்றை மட்டும் கணினியிற் பிரித்தோம். மஞ்சள் படிந்த தாள் சற்றுக் கறுத்தது. கோடுகள் பெரும்பாலும் மறைந்தன. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கன்னமாகவும் நெற்றியாகவும் மாறின. மேசையருகே எழுந்து நின்றுவிட்டோம்.

எமது தாயார் ஆண்டு முழுவதும் தம்மைப் படம் பிடிக்க விடவில்லை. கமராவைக் கண்டாலே, "என்னத்துக்கு மோனை? கல்வெட்டுக்கோ?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குட் போய்விடுவார். அன்று தந்தையின் படத்தை அச்சிட்டு அவர் கையிற் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விளக்கடியிற் பிடித்துப் பார்த்தார்.

"அப்பாவுக்கு நாடியிலை ஒரு தழும்பு இருந்தது, மோனை. அது இதிலை விழேல்லை" என்றார்.

எமக்கு அந்தத் தழும்பு நினைவில்லை. சிறு வயதிற் பனங்கருக்குக் கிழித்ததாம். அதைப் பற்றி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். சொல்லி முடித்துவிட்டு, "சரி, எங்கை இருக்கிறது?" என்று கேட்டார். விறாந்தையின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் நேரே படாத இடத்தில், கதிரை போட்டோம். துவாரம் 4; மூடி நூற்றிருபத்தைந்திலொரு பங்கு. படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றே படங்கள் எடுத்தோம், மூன்றும் தேறின.

கமரா பழக விரும்பும் மாணவர்களுக்கு எமது ஓராண்டு அநுபவத்திலிருந்து சொல்லத்தக்கது சிறிதே. விலையுயர்ந்த கருவியைத் தேடவேண்டாம். கைத்தொலைபேசியே தொடக்கத்துக்குப் போதும். ஓரிடத்துக்குப் பல தடவை செல்லுங்கள். எடுத்தவற்றில் நல்லவற்றைத் தாளில் அச்சிடுங்கள். ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். படத்தின் பின்புறத்தில், ஆள் யார், நாள் எது என்று பென்சிலால் எழுத மறவாதீர்கள். வீட்டிலுள்ள முதியவர்களிடம் படத்தைக் காட்டி, அதில் விழாதது எது என்றும் கேளுங்கள்.

தந்தையின் படத்துக்குப் பின்னால் நாமும் எழுதி வைத்திருக்கிறோம்: அவருடைய பெயர், ஊர், 1993, அதன் கீழே, "நாடியில் ஒரு தழும்பு உண்டு. அம்மா சொன்னது."